ஞானப்பல்லுக்கு ஒரு வீடு

மனிதர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை ஹில்லெவி நம்புவதில்லை. எஸ்கில்ஸ்டூனா ஊரில் முப்பது வருடமாகப் பல் சுத்தம் செய்கிறவள் அவள். "தினமும் பல்லிடுக்குல நூல் விடுறீங்களா?" என்று கேட்டால் நாற்காலியில் சாய்ந்திருப்பவர்கள் எல்லாரும் "விடுறேன்" என்பார்கள். வாயைத் திறந்தால் முந்தாநாள் சாப்பிட்ட இறைச்சி அங்கேயே இருக்கும். நீதிபதி, பாதிரியார், நீச்சல் பயிற்சியாளர் என்று யாரும் விதிவிலக்கில்லை.

அதனால், அக்டோபர் மாதம் தன் நாய் ஸ்மூலாவின் ஐந்து குட்டிகளுக்கும் வீடு தேட வேண்டி வந்தபோது, வந்து குவிந்த நாற்பத்தொரு விண்ணப்பங்களையும் அவள் ஒரே மாதிரிதான் படித்தாள். நாயைத் தனியா விட மாட்டோம். தினம் மூணு தடவை நடக்கக் கூட்டிட்டுப் போவோம். குடும்பத்துல ஒருத்தரா பாத்துப்போம். நாற்பத்தொரு பேரும் நூல் விடுகிறவர்கள்.

குட்டிகள் வந்த கதை சின்னது. ஸ்மூலாவுக்குக் கருத்தடை செய்ய ஜூலையில் நாள் குறித்திருந்தது. ஜூனிலேயே நடுக்கோடைத் திருவிழா வந்துவிட்டது. ஏரிக்கரையில் மனிதர்கள் கம்பத்தைச் சுற்றித் தவளை மாதிரி குதித்துக்கொண்டிருந்த இரண்டு மணி நேரத்தில், பக்கத்துக் கோடைவீட்டு நாயும் ஸ்மூலாவும் தங்கள் பங்குக்குக் கொண்டாடிவிட்டார்கள்.

"பொறுப்பான வீடு வேணுமாம்!" என்று வேலையிடத்தில் காபி குடிக்கும்போது பல் மருத்துவர் பொந்துஸ் சீண்டினார். "யாரு கேக்குறா பாரு. உன் நாய்க்கு இது ரெண்டாவது பிரசவம், ஹில்லே."

"அதனாலதான் கேக்குறேன்" என்றாள் ஹில்லெவி. இலவங்கப்பட்டை ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். பொந்துஸ் தன் வாயைத் தானே நொந்துகொண்டு அந்த மீதியையும் சாப்பிட்டு முடித்தார்.

முதல் பிரசவம் நான்கு வருடம் முன்னால். அப்போது ஒரு குட்டியைச் சிரித்த முகமாக இருந்த ஒரு மனிதனுக்குக் கொடுத்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் அழகாகப் பதில் சொன்னவன். பதினோரு மாதம் கழித்து, பழைய சாமான் விற்கும் இணையதளத்தில் அவள் புத்தக அலமாரி தேடிக்கொண்டிருந்தபோது அந்தக் குட்டியின் படம் வந்தது. பழுப்பு உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. மேலே ஒரு சோபா, கீழே நான்கு பனிக்கால டயர்கள், நடுவில் அது. உடனே அவனைக் கூப்பிட்டாள். "காலைலயே ஒருத்தர் வந்து தூக்கிட்டுப் போயிட்டாரே" என்றான். யார் என்று கேட்டாள். "பேரு கேக்கல" என்றான். குரல் அப்போதும் இனிமையாகவே இருந்தது. அன்றிலிருந்து தெருவில் எந்தப் பழுப்பு நாயைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் காதுக்குத்தான் போகும். இன்னொரு முறை ஏமாந்தால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் குட்டியின் பெயர் பால்பல். அவள் தொழில் அப்படி. இந்த முறை பிறந்தவை வெட்டுப்பல், கோரைப்பல், முன்கடைவாய், பின்கடைவாய். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் துண்டுகளை அள்ளப்போனபோது கடைசியாக வந்தது ஞானப்பல்.

பேச்சை நம்பாதவள் எதை நம்புவாள்? சலவை அறையை நம்பினாள். எங்கள் அடுக்குமாடிகளில் கீழ்த்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு சலவை அறை இருக்கும். சுவரில் ஒரு பலகை. அவரவர் வீட்டு எண் போட்ட சின்னப் பூட்டை நாளும் நேரமும் பார்த்து அதில் மாட்டிவிட்டால் அந்த மூன்று மணி நேரம் உங்களுடையது. துவைத்து, உலர்த்தி, கடைசியில் உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியை இழுத்து, அதில் படிந்த பஞ்சை வழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போக வேண்டும். போடாவிட்டால் யாருக்கும் நேரில் தெரியாது. யாரும் பாராட்டவும் மாட்டார்கள். பார்க்க ஆளில்லாத இடத்தில் ஒருவர் அடுத்தவருக்காக அரை நிமிடம் செலவு செய்கிறாரா என்பதைக் காட்டும் பொருள் இந்த நாட்டில் அது ஒன்றுதான் என்பது ஹில்லெவியின் கட்சி.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போது, "நீங்க என்னிக்குத் துவைப்பீங்க?" என்று கேட்டு, அந்த நேரம் முடியும்போது போய் நின்றாள். காபி குடித்துவிட்டு, "சலவை அறைய ஒரு தடவ பாக்கலாமா?" என்பாள். ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அடுத்தவர் சலவை அறையைப் பார்க்க ஆசைப்படுவது எங்களிடம் சகஜம். சொந்தமாக இயந்திரம் வைத்திருந்தவர்களை அவள் போகாமலே தள்ளிவிட்டாள்.

வெட்டுப்பல் ஒரு மருத்துவச்சி வீட்டுக்குப் போனது. கோரைப்பல்லும் முன்கடைவாயும் அண்ணன் தம்பி இருவருக்கு, ஒரே கட்டடத்தில். பின்கடைவாய்க்கு முதலில் ஒரு தம்பதி அமைந்தார்கள். வடிகட்டி பளிச்சென்று இருந்தது. ஆனால் சுவரில் அவர்கள் ஒட்டியிருந்த கண்டனக் குறிப்பில் ஒன்பது ஆச்சரியக்குறிகள் இருந்தன. ஒரு வருஷம் செருப்பு கடிக்கப்போகும் பிராணியை ஒன்பது ஆச்சரியக்குறி வீட்டில் விட அவளுக்கு மனம் வரவில்லை. அடுத்த தெரு மளிகைக்கடைக்காரருக்குக் கொடுத்தாள்.

மிச்சம் ஞானப்பல். அதைத்தான் ரூனா கேட்டாள்.

ரூனா ஊர்ப் பேருந்து ஓட்டுகிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஹில்லெவி இருக்கும் கட்டடத்திலேயே மூன்றாவது மாடிக்கு மார்ச் மாதம் குடிவந்தாள். வந்த வாரத்திலிருந்தே வடிகட்டி நிறைய ஆரம்பித்தது. அவள் பூட்டு செவ்வாய்க்கிழமை மாலையில் தொங்கும். புதன் காலையில் யார் போய் இழுத்தாலும் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளம் வரும். எங்கள் கட்டடத்தில் சண்டையை வாயால் போடுவதில்லை, எழுதி ஒட்டுவோம். "வடிகட்டிக்குத் தானாகச் சுத்தம் செய்யத் தெரியாது" என்று ஹில்லெவி ஒட்டியது ஏப்ரலில். கீழே ஒரு சிரிக்கும் முகம். ஜூனில் ஒட்டியதில் முகம் இல்லை.

அந்த ரூனா வந்து கதவைத் தட்டினாள். வாசலிலேயே ஷூவைக் கழற்றினாள். நாய்க்குட்டிகள் கிடந்த பெட்டி அருகே உட்கார்ந்து, ஞானப்பல்லின் பின்பக்கத்துக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினாள். அது அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை ஒரு நிமிடம் கடித்துவிட்டு, அவள் சட்டைக் கைக்குள் மூக்கை விட்டுத் தூங்கிப்போனது.

"இவன யாருக்காவது சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"எனக்குக் குடுங்களேன். காலைல அஞ்சரைக்குப் போனா பத்துக்கு வந்துடுவேன். மறுபடி சாயங்காலம் மூணு மணி நேரம் ஓட்டணும். ஆறு மணி நேரத்துக்கு மேல எப்பவும் தனியா இருக்க மாட்டான். விண்ணப்பத்துல எல்லாம் எழுதியிருக்கேன்."

"படிச்சேன். பாப்போம்."

எங்கள் ஊரில் 'பாப்போம்' என்றால் இல்லை என்று பொருள். ரூனாவும் இங்கே பிறந்தவள்தான். "சரி" என்று குட்டியை அதன் தாய் பக்கத்தில் விட்டாள். ஷூ நாடாவைக் கட்டத்தான் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் சலவை அறைச் சுவரில் ஒரு குறிப்பு இருந்தது. "ரூனாவுக்கு: ஞானப்பல் வேறு வீட்டுக்குப் போகிறான். காரணம் வடிகட்டி. நட்புடன், ஹில்லெவி." இதை நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் இருந்ததில்லை.

வேறு வீடு என்றால் ஃபோல்கேயின் வீடு. எதிர் நுழைவாயில், தரைத்தளம். அறுபத்தொரு வயது, வரைபட அலுவலகத்தில் வேலை செய்து சமீபத்தில் ஓய்வு பெற்றவர். சலவை அறையின் புனிதர் என்றால் அவர்தான். வடிகட்டியை வழிப்பார், கதவின் ரப்பரைத் துடைப்பார், தன் நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே பூட்டை எடுத்துவிடுவார். நாய் வளர்ப்பைப் பற்றி நான்கு புத்தகம் வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் வண்ணத்தாள் செருகி வைத்திருந்தார். சனிக்கிழமை ஹில்லெவி ஞானப்பல்லைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினாள். அதில் ஒரே ஒரு விதியைத்தான் கொட்டை எழுத்தில் அடித்திருந்தாள்: முடியாவிட்டால் எந்த நேரமானாலும் என்னிடமே கொண்டு வர வேண்டும், காரணம் கேட்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து காலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்மூலா பெட்டியை ஒரு முறை மோந்துவிட்டு சோபாவில் ஏறிப் படுத்தது. ஹில்லெவிக்கு அழுகை வந்தது. நல்ல வீடு, நல்ல வீடு என்று நாலைந்து தடவை சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை பத்து முதல் ஒரு மணி வரை ஃபோல்கேயின் நேரம். அடுத்தது ஹில்லெவியுடையது. துணிக்கூடையோடு இறங்கினாள். வடிகட்டி வழக்கம்போல் கண்ணாடி மாதிரி இருந்தது. அவளுக்கு ஒரு சின்ன ஆசை. நாலு நாளில் ஞானப்பல் அவர் கால்சட்டையில் எவ்வளவு முடியை அப்பியிருக்கிறான் என்று பார்க்கலாமே. குப்பைக்கூடையைத் திறந்தாள்.

மேலே ஃபோல்கேயின் பஞ்சு, நீலச்சாம்பல் நிறத்தில், நாலாக மடித்து. எடுத்து விரித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஞானப்பல்லின் பழுப்பு முடி இல்லை, வெள்ளை முடி இல்லை. துண்டு, படுக்கை விரிப்பு, கால்சட்டை, காலுறை என்று நாலு நாள் துணி ஓடியிருக்கிறது. எட்டு வாரக் குட்டி ஒன்று இருக்கிற வீட்டில் ஒரு முடிகூட இல்லை.

அடியில் இன்னொரு கட்டி கிடந்தது. நேற்று மாலை ரூனா வழிக்காமல் போனதை ஃபோல்கே காலையில் வழித்துப் போட்டிருக்கிறார். அதையும் எடுத்தாள். ஏழு மாதமாகக் கண்ணில் பட்ட அதே சாம்பல் கம்பளம்தான். இன்றைக்கு நாய் முடி தேடுகிற கண்ணோடு பார்த்ததால் தெரிந்தது. கம்பளி நூல் இல்லை அது. மெத்தென்ற அடிமுடி, நடுநடுவே முனை கறுத்த விறைப்பான முடி. எல்க் மான் வேட்டைக்குப் போகிற நாயின் முடி. நாய் இருக்கும் வீட்டில் முடி இல்லை, நாய் இல்லாத வீட்டிலிருந்து கைப்பிடி முடி வருகிறது. சாம்பல் கட்டியைப் பைக்குள் திணித்துக்கொண்டாள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். துணியை அப்படியே போட்டுவிட்டு முற்றத்தைக் கடந்து ஓடினாள்.

ஃபோல்கே கதவைத் திறந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"உள்ள வாங்க. செருப்ப மட்டும்..."

"தெரியும். எங்க அவன்?"

குளியலறையில் இருந்தான். கதவில் குறுக்கே ஒரு தடுப்பு. வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், இஸ்திரி போட்டு மடித்த போர்வை, பளபளக்கும் தண்ணீர்க் கிண்ணம். அந்த வெள்ளைக்கு நடுவில், தண்ணீர் போகும் துளையின் மேல், ஞானப்பல் உட்கார்ந்திருந்தான். குரைக்கவில்லை. வாலை ஒரு முறை ஆட்டிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"இங்கயேவா இருக்கான்?"

"தரைக்கு அடியில சூடு வருது. குளிராது. மணிக்கு ஒரு தடவ துடைக்கிறேன்."

"மடியில உக்கார வெச்சீங்களா?"

ஃபோல்கே உண்மையாகவே யோசித்தார். "எதுக்கு?" என்றார்.

ஹில்லெவி தடுப்பைத் தாண்டிப் போய்க் குட்டியைத் தூக்கினாள். அவன் அவள் தாடையை நக்கவில்லை, வெறுமனே கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்தில் காது சுட்டது. மறுபடியும் தப்பு பண்ணியிருக்கிறாள். அவளுடைய வடிகட்டிச் சாத்திரம் அவளை நேராக இந்தக் குளியலறையில் கொண்டு வந்து விட்டிருக்கிறது.

"ஹில்லெவி, முடி கொட்டுது" என்றார் ஃபோல்கே மெதுவாக.

"நாய்னா கொட்டும்."

"புஸ்தகத்துல இருந்துச்சு. இவ்வளவுன்னு எழுதல. நாலு நாளா நான் தூங்கல. உங்ககிட்ட சொல்லணும்னுதான் ஒரு குறிப்பு எழுத உக்காந்தேன். முதல் வரியே சரியா வரல." சமையலறை மேசையைக் காட்டினார். கசக்கிய தாள்கள் ஒரே அளவில் வரிசையாக இருந்தன. "நல்ல பையன்தான் இவன். எனக்குத்தான் வரல."

காரணம் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவள் அவள். கேட்கவில்லை. ஃபோல்கே இஸ்திரி போட்ட போர்வையை அவள் தோளில் போட்டார். பாவம், இன்றைக்காவது தூங்குவார்.

ஞானப்பல்லைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு ஹில்லெவி நேராக மூன்றாவது மாடிக்கு ஏறினாள். ரூனா சாயங்கால வேலைக்குப் புறப்படும் சீருடையில் கதவைத் திறந்தாள்.

"உங்க வீட்டுல நாய் இருக்கா?" என்றாள் ஹில்லெவி, வணக்கம் கூடச் சொல்லாமல்.

"இல்ல."

ஹில்லெவி பையிலிருந்து சாம்பல் கட்டியை எடுத்து நீட்டினாள். "முடி இருக்கே."

ரூனா அதைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"முடி இருக்கு" என்றாள். "நாய் இல்ல."

மாடிப்படி விளக்கு தானாக அணைந்தது. இருவரும் அதைப் போடவில்லை.

"பிப்ரவரியில போயிட்டான். பதினாலு வருஷம் எங்கூட இருந்தான். அந்த வீட்டுல இருக்க முடியலன்னுதான் இங்க வந்தேன். ஆனா கம்பளம், கோட்டு, கார் சீட்டுத் துணி, எதத் துவைச்சாலும் வருது. தீரவே மாட்டேங்குது." கையிலிருந்த கட்டியை விரலால் நீவினாள். "வடிகட்டிய இழுப்பேன். வழிக்கணும்னு தெரியும், உங்க குறிப்பெல்லாம் படிச்சேன். குப்பையில போட எனக்குக் கை வரல. வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா பைத்தியக்காரின்னு ஆயிடும். அதனால இருந்த எடத்துலயே விட்டுட்டுப் போயிடுவேன். எப்படியும் யாராவது தூக்கிப் போட்டுடுவாங்க, அது நானா இருக்க வேணாம்னு."

தூக்கிப் போட்டது யார் என்று ஹில்லெவிக்குத் தெரியும். ஏழு மாதத்தில் பாதிப் புதன்கிழமைகளில் அவள்தான், அதுவும் முணுமுணுத்துக்கொண்டே. 'முன்பு நாய் வளர்த்ததுண்டா' என்ற கேள்விக்கு ரூனா எழுதியிருந்த பதில் இப்போது நினைவுக்கு வந்தது: "உண்டு. பதினான்கு வருடம்." படித்தாள்தான். பல்லிடுக்கில் நூல் விடுகிறேன் என்பதைக் கேட்பது மாதிரி படித்தாள். முப்பது வருடத்தில் ஒருத்தி உண்மையைச் சொன்னபோது அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"மன்னிச்சுக்கோங்க" என்றாள் ஹில்லெவி. அவள் அதை எழுதி ஒட்டாமல் வாயால் சொன்னது அநேகமாக அதுதான் முதல் தடவை.

கோட்டுக்குள்ளிருந்து ஞானப்பல் தலையை நீட்டி, ரூனாவின் அடையாள அட்டையைக் கவ்வினான்.

"இவன் ஃபோல்கே வீட்டுக்குல்ல போனான்?"

"திரும்பி வந்துட்டான். நாளைக்கு உங்களுக்கு எத்தன மணிக்கு வேலை?"

"அஞ்சரை."

"இன்னிக்கு ராத்திரி கூட்டிட்டு வரேன். ஒப்பந்தம் புதுசா எழுதணும்."

"வடிகட்டி?"

"அத நான் பாத்துக்கறேன்."

அவள் பார்த்துக்கொண்டது இப்படித்தான்: ஒவ்வொரு புதன் காலையிலும் எல்லாருக்கும் முன்னால் இறங்கி, வடிகட்டியிலிருந்த பஞ்சை எடுத்து, மருத்துவமனையில் மாதிரிக்கு வைப்பது போல ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதி எழுதி, ரூனாவின் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனாள். சுவரிலிருந்த தன் பழைய குறிப்புகளைக் கிழித்தாள். மாலையில் கைப்பிடியில் பை இருந்ததில்லை. வாரத்துக்கு வாரம் பஞ்சில் சாம்பல் குறைந்து பழுப்பு ஏறியது.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை வடிகட்டியை இழுத்தாள். காலியாக இருந்தது. துடைத்து வைத்த மாதிரி.

பலகையைப் பார்த்தாள். நேற்று மாலை ரூனாவின் பூட்டுதான். துவைத்திருக்கிறாள், முடி இல்லை. சோபாவும் பனிக்கால டயர்களும் அவள் கண் முன்னால் வந்தன. மூன்று மாடியையும் மூச்சு விடாமல் ஏறி, மணியை அடிக்காமல் கதவையே அறைந்தாள்.

"எங்க அவன்?"

அன்று விடுமுறையில் இருந்த ரூனா வாயில் பல் தூரிகையோடு திறந்தாள். அவள் காலுக்கு நடுவே புகுந்து வந்த ஞானப்பல், இப்போது முழங்கால் உயரம், வீட்டுச் செருப்போடு ஓடி வந்திருந்த ஹில்லெவியின் காலுறையைக் கடித்து இழுத்தான்.

"என்னாச்சு?"

"வடிகட்டி சுத்தமா இருக்கு!"

ரூனா தூரிகையை வெளியே எடுத்தாள். "நீங்கதானே ஏப்ரல்லேர்ந்து கேட்டீங்க."

ஹில்லெவி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரூனாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வாரமா சாம்பல் முடி வரவே இல்ல" என்றாள். "நேத்து நல்லாப் பாத்துட்டேன், முழுக்க இவனோடது. இவன்தான் இருக்கானே. அதான் குப்பையில போட்டுட்டேன்."

ஞானப்பல் காலுறையை முழுதாக உருவி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினான். இருவரும் அவனைத் துரத்தவில்லை. ஹில்லெவி அன்று ஒரு காலில் காலுறை இல்லாமலே ஏழேகால் பேருந்தில் வேலைக்குப் போனாள்.